அரிய வருத்தங்களைப் பற்றிச் சனத்துக்கு எப்பிடிச் சொன்னா ஏறும்?

ஆடியபாதம்_ரோட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில மெடிசின் படிக்கிறன், மூண்டாம் வருசம். பெப்ரவரி கடைசி நாள் உலக அரிய நோய் தினம் எண்டு ஒண்டு இருக்கு, 2008 இல ஐரோப்பாவில தொடங்கினது, அந்த வருசம் பெப்ரவரி 29 வந்தது, நாலு வருசத்துக்கு ஒருக்கா வாற அரிய நாள் எண்டுதான் அதைத் தெரிஞ்செடுத்தவை, மற்ற வருசங்களில 28 ஆம் திகதி. எங்கட பட்ச்சில கொஞ்சப்பேர் சேர்ந்து இந்தமுறை ஏதாவது செய்வம் எண்டு வெளிக்கிட்டிருக்கிறம்.

போன கிழமை ஒரு வாசிகசாலையில ட்ரயல் மாதிரி ஒரு டோக் குடுத்தனாங்கள். 20 பேரளவில வந்தவை, அதில முக்கால்வாசி அம்மம்மா வயசு. ப்ரொஜெக்டர் பூட்டி, உலகத்தில 6000 க்கு மேல அரிய நோய் இருக்கு, ஐரோப்பாவில 2000 பேருக்கு ஒருத்தருக்கு மேல வராட்டி அதை அரிய நோய் எண்டுறவை, 10 நோயில 7 அளவில மரபணுவால வாறது, கூடுதலா சின்ன வயசிலயே தொடங்கிறது எண்டு ஸ்லைட் மேல ஸ்லைட்டாப் போட்டம். முன்வாங்கில இருந்த ஐயா அஞ்சாவது ஸ்லைட்டிலயே நித்திரை. முடிய ஒரு அம்மா எழும்பி "பிள்ளை, பிரசரையும் ஒருக்காப் பாத்து விடுவியளோ" எண்டு கேட்டா, பிறகு எல்லாரும் லைனில வந்திட்டினம். அண்டைக்கு நாங்கள் செய்த பிரயோசனமான வேலை அது ஒண்டுதான் எண்டு நினைக்கிறன்.

இப்ப பிளான் என்னெண்டா வரிக்குதிரைப் படம் போட்ட பனர், டீசேட், பரமேஸ்வரா சந்தியில இருந்து ஒரு நடை. வரிக்குதிரை ஏனெண்டா, எங்களுக்குப் படிப்பிக்கேக்க ஒரு சொல்லு இருக்கு, குளம்புச் சத்தம் கேட்டா குதிரை எண்டு நினை, வரிக்குதிரை எண்டு நினைக்காதை, அதாவது முதல்ல வழமையான வருத்தத்தை யோசி எண்டு. அமெரிக்காவில மேரிலாந்தில உட்வோட் எண்ட டொக்டர் 1940 களில சொன்னது எண்டுவினம். காட்டுக்குதிரை திரியிற நெடுந்தீவில நிண்டு கேக்கிற சத்தம் எண்டா அது குதிரைதான், அதில பிழை இல்லை. ஆனா எப்பவாவது ஒருக்கா வரிக்குதிரையும் வரும், அது வாற வீட்டுக்காரர்தான் பாவம். எண்டாலும் பட்ச்சில பாதிப்பேர் உது சும்மா பேஸ்புக்குக்கு ஃபோட்டோ எடுக்கிற வேலை எண்டு சொல்லுகினம். அனுபவம் உள்ள ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ, சனத்துக்கு உண்மையா என்ன தெரிஞ்சிருந்தா உதவும்?

சுன்னாகம்_வெயில்:

தங்கச்சி குறை நினைக்காதேங்கோ, உங்கட பட்ச்சில மற்றப் பாதிப்பேர் சொல்லுறதுதான் சரி. ஒவ்வொரு வருசமும் மாரி துடங்க இஞ்ச டெங்கு, வாட்டில கட்டில் காணாமல் சனம் படுற பாடு உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு வீடு சீனி, பிரசர், கிட்னி. 2000 பேருக்கு ஒருத்தருக்கு வாற ஒண்டுக்கு சந்தியில நிண்டு கத்துறதிலும் பாக்க நாலு வளவுக்குள்ள போய் சிரட்டையும் டயரும் பொறுக்கினாப் புண்ணியம். வரிக்குதிரை பனரைப் பாத்தா சனம் மிருகக்காட்சிச்சாலை திறக்கப் போகினம் எண்டுதான் நினைக்கும்.

ரெண்டு_பிள்ளை_அம்மா:

பிள்ளை, நான் இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதிறேல்லை. இதைப் பாத்திட்டுப் பேசாமல் போக மனம் கேக்கேல்லை.

என்ர மகனுக்கு வில்சன் வருத்தம். சாப்பாட்டில இருக்கிற செப்பு உடம்பை விட்டுப் போகாமல் ஈரலிலயும் மூளையிலயும் தேங்கிறது. ஏழாம் ஆண்டு மட்டும் வகுப்பில முதல் மூண்டுக்குள்ள நிண்ட பொடியன். முதல்ல மாறினது எழுத்துத்தான். அவன்ர ஏழாம் ஆண்டுக் கொப்பியும் ஒம்பதாம் ஆண்டுக் கொப்பியும் இப்பவும் அலுமாரிக்குள்ள கிடக்கு. முதல் கொப்பியில எழுத்து அச்சடிச்ச மாதிரி, மற்றதில வரவரச் சிறுத்து, கோட்டை விட்டு இறங்கி, ழகரத்துக்குச் சுழிக்கிற இடத்தில பேனை இழுபட்டு தாளே கிழிஞ்சிருக்கும். ரியூசனில அடி. வீட்டில நானும் அடிச்சனான், பொய் சொல்லேலாது. ஃபோன் நோண்டி நோண்டித்தான் கை நடுங்குது எண்டு ஃபோனைப் பறிச்சு அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சனான். பிறகு கதை கொழகொழ எண்டு வந்தது, சாப்பிடேக்க வாயோரத்தால வீணி வடியும், காரணமே இல்லாமல் கோவம், கோப்பையைத் தூக்கி எறிவான், எறிஞ்சிட்டு அழுவான்.

சனம் செய்வினை எண்டுது. நூல் கட்டினம், தண்ணி ஓதித் தெளிச்சம், நேத்தி வைச்சு ஒரு கோயில் மிச்சம் விடேல்லை. ஒரு இடத்தில காட்ட இது மனசு சம்பந்தப்பட்டது எண்டு குளிசை குடுத்தவை, அதோட பிள்ளை இன்னும் விறைச்சுப் போனான். நான் ஆரையும் குறை சொல்லேல்லை, அவையும் வாழ்நாளில ஒண்டோ ரெண்டோதான் கண்டிருப்பினம், காணாமலும் இருந்திருப்பினம்.

பேந்து வேற ஒரு இடத்தில ஒரு இளம் டொக்டர், உங்களிலும் ஒரு நாலஞ்சு வயசு கூட இருக்கும், ரோச்சைக் கண்ணுக்குச் சரிவாப் பிடிச்சுக் கனநேரம் பாத்தா. "அம்மா ஒருக்கா இஞ்சால வந்து பாருங்கோ" எண்டா. கருவிழி ஓரத்தில மண்ணிறமும் பச்சையும் கலந்த மாதிரி ஒரு வளையம், தேய்க்காமல் விட்ட குத்துவிளக்கின்ர விளிம்பில களிம்பு பிடிக்குமே, அந்த நிறம். 14 வருசமா நான் முகம் கழுவித் துடைச்ச பிள்ளை, அந்தக் கண்ணில அப்பிடி ஒண்டு கிடந்ததை நான் ஒருநாளும் காணேல்லை. பிறகு ரத்தம், 24 மணித்தியாலம் சலத்தைக் கானில சேர்த்துக் குடுக்கிறது, எல்லாம் செய்து உறுதியாச்சுது. எழுத்து மாறினதில இருந்து அந்த நாள் மட்டும் ரெண்டு வருசமும் நாலு மாசமும்.

அந்த டொக்டர்ப் பிள்ளை அண்டைக்கு அடுத்ததாக் கேட்டது "இவருக்குச் சகோதரம் இருக்கோ" எண்டு. மகளையும் சோதிச்சம். அவளுக்கும் இருந்தது. ஒரு அறிகுறியும் இல்லை, ஓடி விளையாடிக்கொண்டு திரிஞ்சவள். அவள் நேரத்தோட மருந்து தொடங்கினபடியால் இண்டைக்கு மட்டும் ஒரு நடுக்கமும் இல்லை, ஏஎல் படிக்கிறாள். மகனுக்கு நடை திரும்பிட்டுது, கதை பாதி திரும்பிட்டுது, எழுத்துத் திரும்பேல்லை.

மகளின்ர விசயம் எங்கட சொந்தத்துக்கே தெரியாது. ஏனெண்டு நான் சொல்லத் தேவையில்லை, நாளைக்கு ஒரு சம்பந்தம் பேச வாறவை முதல் கேக்கிறது இதைத்தானே. இஞ்ச பேரில்லாமல் எழுதேக்கயே கை கூசுது.

சுன்னாகத்துத் தம்பி, டெங்குக்கு வாறவையை நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா ஆராவது ஒரு வாத்தியாருக்கு, எழுத்துக் குழம்புறது ஒரு வருத்தமாவும் இருக்கலாம் எண்டு தெரிஞ்சிருந்தா என்ர பிள்ளை அந்த ரெண்டு வருசமும் அடி வாங்கியிருக்க மாட்டான்.

வேப்பமர_வாத்தியார்:

நான் 31 வருசம் படிப்பிச்சு ஓய்வு பெற்றனான். அம்மா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். கையெழுத்துக் குழம்பின பிள்ளையள் எத்தினை பேரை முழங்காலில விட்டிருக்கிறன் எண்டு இப்ப யோசிச்சா நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது. அதில முக்கால்வாசி உண்மையா விளையாட்டுப் புத்திதான், அது வேற. ஆனா நல்லா எழுதின பிள்ளை, நல்லாப் படிச்ச பிள்ளை, வரவர இறங்குது எண்டா அது சோம்பல் இல்லை. துடக்கத்திலயே மட்டமா இருக்கிறது ஒண்டு, ஏறி நிண்டு இறங்குறது இன்னொண்டு, எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும், தெரிஞ்சும் ரிப்போட்டில கவனக்குறைவு எண்டு எழுதிப் போட்டுப் போயிடுவம்.

மாணவிக்கு ஒண்டு சொல்லுறன். வாசிகசாலைக்குப் போகாதேங்கோ, பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமுக்குப் போங்கோ. இடைவேளை 20 நிமிசம். அதில ரெண்டு கொப்பிப் பக்கத்தைக் காட்டினாக் காணும், ஸ்லைட் வேண்டாம்.

பாலர்_ரீச்சர்:

வாத்தியார் சொன்னதோட நானும் ஒண்டு. எங்கட முன்பள்ளியில ஒரு பொடியன், நாலரை வயசு. நிலத்தில இருந்து எழும்பச் சொன்னா முதல்ல கவிண்டு கையை ஊண்டி, பிறகு முழங்காலில கையை வைச்சு, பிறகு தொடையில வைச்சு, தன்ர உடம்பிலயே ஏணி ஏறுற மாதிரி எழும்புவான். நாங்கள் அதைப் பாத்துச் சிரிச்சு, கிழவன் எழும்பிறார் எண்டு பகிடி பண்ணினது. கெண்டைக்கால் ரெண்டும் திரண்டு உருண்டு இருக்கும், தகப்பன் அதைக் காட்டி "இவன் ஃபுட்போல்காரனா வருவான்" எண்டு சொல்லுறவர். குதி நிலத்தில படாமல் நடப்பான், படி ஏற மாட்டான். கல்சியம் காணாது எண்டு பாலும் முட்டையும் குடுத்ததுதான். எங்கட மிட்வைஃப் அக்கா ஒருநாள் வந்து பாத்திட்டு உடன கிளினிக்குக்குக் காயிதம் எழுதினா. அது டுஷேன் எண்டு சொல்லுற தசை வருத்தம், பொடியங்களுக்குத்தான் கூட வாறது. அவன் எழும்பினதை நாங்கள் ஒவ்வொரு நாளும் கண்டனாங்கள். மெடிசின் படிக்கிற பிள்ளையள் ஆராவது அந்த எழும்புறதை ஒரு வீடியோவாக் காட்டியிருந்தா எங்களுக்குக் காணும்.

குளிர்நாட்டு_டொக்குத்தர்:

நானும் அந்த ஃபகல்டிதான், 90 களில, லாம்பு வெளிச்சத்தில படிச்ச கோஷ்டி. இப்ப வெளியில சின்னப்பிள்ளையளின்ர பக்கம் வேலை.

பாலர் ரீச்சர் சொன்ன அந்த எழும்புறதுக்குக் கௌவர்ஸ் சைன் எண்டு பேர். அதைக் காணுறதுக்கு ஸ்கான் தேவையில்லை, பாய் ஒண்டு காணும். சந்தேகம் வந்தா சிகே எண்டு ஒரு ரத்தப் பரிசோதனை, டுஷேன் எண்டா அது வானத்துக்கு ஏறி நிக்கும். இதை முழுசா மாத்த மருந்து இல்லை, ஆனா ஸ்டெரோயிட் நேரத்தோட தொடங்கினா நடக்கிற காலத்தைக் கொஞ்சம் நீட்டலாம், இதயத்தையும் நெஞ்சையும் கவனிச்சுக்கொண்டு போகலாம். தாய்க்கு அடுத்த பிள்ளை தங்க முதல் விசயம் தெரிஞ்சிருக்கும், அதுவே பெரிய விசயம்.

வில்சன் இதுக்கு நேர்மாறு. 1912 இல கினியர் வில்சன் லண்டனில இதை எழுதேக்க வந்தவை எல்லாரும் செத்துப்போனவை. 1956 இல வோல்ஷ் எண்டவர் பெனிசிலமைன் எண்ட குளிசையைக் கொண்டு வந்தார், அது செப்பைப் பிடிச்சுச் சலத்தால வெளியேத்தும், பிறகு சிங், அதான் துத்தநாகம், வந்தது, அது குடலில வைச்சே மறிக்கும். வாழ்நாள் முழுக்கப் போட வேணும், சுகம் எண்டு நினைச்சு நிப்பாட்டினா ஈரல் ஒரேயடியாக் கவிழும், கனபேர் அப்பிடித்தான் போறது. ஆனா நேரத்தோட பிடிச்சா அம்மாவின்ர மகள் மாதிரி ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். அதாலை தங்கச்சி, 6000 நோயையும் தூக்கிக் குப்பையில போடுங்கோ. பிடிச்சாப் பிரயோசனம் இருக்கிறது நாலோ அஞ்சோ எடுங்கோ, ஒவ்வொண்டுக்கும் கண்ணால காணக்கூடிய ஒரு அடையாளம், அதைக் கண்டா ஆரிட்டப் போறது, அவ்வளவுதான். நோயின்ர பேர் கூடச் சொல்லத் தேவையில்லை.

சுன்னாகத்தாருக்குக் கணக்கு. தனித்தனியப் பாத்தா அரிது, எல்லாத்தையும் கூட்டினா உலகச் சனத்தொகையில 100 க்கு நாலஞ்சு பேர், 30 கோடிக்கு மேல எண்டுற மட்டம். யாழ் மாவட்டம் 6 லட்சத்துக்குக் கிட்ட எண்டு வைச்சு அதே வீதத்தைப் போட்டுப் பாருங்கோ, 20,000 ஐத் தாண்டும். இன்னொண்டு, பிள்ளை பிறந்த உடன குதிக்காலில குத்தி ரத்தச் சொட்டு எடுக்கிறவை, கண்டிருப்பியள். அது பிறவியிலயே தைரொயிட் வேலை செய்யாத பிள்ளையைக் கண்டுபிடிக்க. அதுவும் சில ஆயிரம் பிள்ளையளில ஒண்டுக்குத்தான். ஆனா முதல் ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள தைரொக்சின் தொடங்கினா அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளையள் மாதிரி வளரும், விட்டா மூளை வளர்ச்சி போச்சு. சிரட்டை பொறுக்கிறதும் இதும் ஒண்டை ஒண்டு தள்ளுற வேலை இல்லை.

அடுத்தது பரம்பரை எண்ட சொல்லு. அந்தச் சொல்லைச் சொன்ன உடன தாயும் தகப்பனும் "எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை" எண்டு எழும்பிடுவினம், பிறகு மாமிமார் தொடங்குவினம் ஆற்ற பக்கம் எண்டு. நான் இப்பிடித்தான் சொல்லுறது: ஒவ்வொரு கதவுக்கும் எங்களிட்ட ரெண்டு திறப்பு இருக்கு, ஒண்டு அம்மா தந்தது மற்றது அப்பா தந்தது. ஒண்டு பழுதெண்டாலும் மற்றதால கதவு திறக்கும், அதால அந்த ஆளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, தன்னட்டப் பழுதுத் திறப்பு இருக்கிறதே தெரியாது. அப்பிடி ரெண்டு பேர் கலியாணம் முடிச்சு, ரெண்டு பேரும் பழுதையே பிள்ளைக்குக் குடுத்தா அந்தக் கதவு திறக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு சான்ஸ். முதல் பிள்ளைக்கு வந்திட்டு, இனி மூண்டு பிள்ளைக்கு வராது எண்டு கணக்குப் பண்ணக்கூடாது, ஒவ்வொருமுறையும் புதுசா அதே நாலில ஒண்டு. வில்சன் இந்த வகை. மச்சான் மச்சாள் முடிச்சா ஒரே பாட்டன் பாட்டியிட்ட இருந்து வந்த ஒரே பழுதுத் திறப்பு ரெண்டு பேரிட்டையும் இருக்கிறதுக்குச் சான்ஸ் கூட. பிறவிக் குறை சாதாரணமா 100 க்கு மூண்டு எண்டா முதல்தரச் சொந்தத்தில அது ஆறு மட்டில போகும். அதாவது 94 பிள்ளையள் சுகமாத்தான் பிறக்குது. இந்தக் கடைசி வசனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ, இல்லாட்டிச் சொந்தத்தில முடிச்ச சனம் உங்களை வளவுக்குள்ளயே விடாது.

கடைசியா ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்காதேங்கோ. பேஸ்புக்கில "நோயாளியின் கதை" எண்டு பேர் மாத்தி, முகத்தை மறைச்சுப் போடுறது. டெங்குக்காரருக்கு அது சரி. அந்த எம்ஓஎச் பிரிவுக்கே, அதாவது சுகாதார வைத்திய அதிகாரியின்ர பகுதி முழுக்கவே, அந்த வருத்தம் ஒரு பிள்ளைக்குத்தான் எண்டா, பேரை மாத்தி என்ன பலன், வருத்தத்தின்ர பேரே பிள்ளையின்ர பேர்தானே.

சுன்னாகம்_வெயில்:

சரி சரி, நான் என்ர வாயை மூடுறன். அம்மா, நான் உங்களை நினைச்சு எழுதேல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு கேள்வி மட்டும் டொக்டர், இந்தியாவில 16 கோடி ரூபா ஊசி எண்டு பிள்ளையளுக்குக் காசு சேர்த்தவை, நியூஸில வந்தது. அரிய வருத்தம் எண்டா அப்பிடித்தான் காசு எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். எங்களிட்ட அவ்வளவு காசு இல்லை, பிறகு கண்டுபிடிச்சு என்ன செய்யிறது எண்டு சனம் நினைக்காதோ?

குளிர்நாட்டு_டொக்குத்தர்:

நல்ல கேள்வி, கனபேர் மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு கேக்காதது. அந்த ஊசி எஸ்எம்ஏ எண்டு, நரம்பு கெட்டுத் தசை தேயிற வேற ஒரு வருத்தத்துக்கு, அமெரிக்காவில 2019 இல ரெண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளையளுக்கு அனுமதிச்சது. விலையைக் கேட்டா எங்களுக்கே தலை சுத்தும். நியூஸில வாறது அதுதான், ஏனெண்டா அதுதான் நியூஸ். பிறவித் தைரொயிட்டுக்குக் குடுக்கிற தைரொக்சின், வில்சனுக்குச் சிங், இதுகளுக்கு ஆரும் உண்டியல் குலுக்கிறேல்லை. காசு இல்லாட்டியும் பேர் தெரியிறதுக்கு ஒரு பெறுமதி இருக்கு. தேவையில்லாத குளிசை நிக்கும், அடி நிக்கும், கோயில் கோயிலா அலையிறது நிக்கும். மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டா கொழும்பு மருத்துவ பீடத்தில மனித மரபியல் பிரிவு 1983 இல இருந்து இருக்கு, வாட் டொக்டரே எழுதி விடுவார். போகேக்க மூண்டு தலைமுறை ஆக்களின்ர விபரம் எழுதிக்கொண்டு போங்கோ, சின்ன வயசில செத்த பிள்ளையளையும் மறைக்காமல். பிள்ளை நடக்கிறது எழும்புறதை ஃபோனில எடுத்துக்கொண்டு போங்கோ, கிளினிக்கில டொக்டரைக் கண்டா பிள்ளை அதைச் செய்து காட்டாது.

மானிப்பாய்_மூலை:

மருத்துவம் தெரியாது, தமிழ் கொஞ்சம் தெரியும். தங்கச்சி, தலைப்பிலயே வருத்தம் எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, அதுதான் சரி, பிறகு ஏன் டோக்கில நோய் நோய் எண்டு போட்டீங்கள்? எங்கட சனம் "அவருக்கு என்ன வருத்தம்" எண்டுதான் கேக்கும். அபூர்வ நோய் எண்டும் சில இடத்தில பாத்தன், அபூர்வம் எண்டா என்னவோ குறிஞ்சிப் பூப் பூத்த மாதிரிச் சந்தோசமா இருக்கு.

எங்கட ஊரில 1840 களின்ர கடைசியில கிறீன் எண்ட அமெரிக்க டொக்டர் வந்து இருந்து, தமிழ் படிச்சு, பொடியங்களுக்குத் தமிழிலயே மேலைத்தேச மருத்துவம் படிப்பிச்சவர், பாடப் புத்தகங்களையும் தமிழில மாத்தினவர். 60 பேருக்கு மேல அவரிட்டப் படிச்சு வைத்தியரா வெளியில வந்தவை. அந்த ஆஸ்பத்திரி இப்பவும் அவற்ற பேரில நிக்குது. அந்த மனுசன் வேற பாசை பேசிப் பிறந்தவர், எங்கட பாசையில உடம்பைச் சொல்ல மினக்கெட்டார். டொக்குத்தற்ற திறப்புக் கதையை வாசிக்கேக்க அந்த ஞாபகம்தான் வந்தது. உங்கட ஸ்லைட்டில இருந்த தமிழ், தங்கச்சி கோவிக்காதேங்கோ, அரசாங்கக் கடிதத்தில இருக்கிற தமிழ். உங்கட அம்மம்மாவுக்கு முதல் வாசிச்சுக் காட்டுங்கோ, அவ திருப்பிச் சொன்னா அச்சடியுங்கோ.

ஆடியபாதம்_ரோட்:

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. நேற்று ராத்திரி ஹொஸ்டலில எல்லாரும் ஒரு அறைக்குள்ள இருந்து இந்தத் திரெட்டை முதல்ல இருந்து சத்தமா வாசிச்சனாங்கள். அம்மான்ர பதில் வரேக்க வாசிச்சுக்கொண்டிருந்தவள் நிப்பாட்டிட்டாள், மிச்சத்தை நான்தான் வாசிச்சன்.

பனர் இல்லை. டீசேட் காசு கொஞ்சம் சேர்த்தது கிடக்கு, அதில ஏ4 தாளில பாதி, ரெண்டு பக்கமும் அச்சடிக்கிறம். ஒரு பக்கம் கண்ணால காணுறதுகள்: நிலத்தில இருந்து ஏணி ஏறுற மாதிரி எழும்புற பொடியன், நல்லா இருந்து குழம்பின கையெழுத்தும் நடுக்கமும், சின்னக் காயத்துக்கும் நிக்காமல் ரத்தம் போறதும் மூட்டு வீங்கிறதும், நடந்த பிள்ளை நடை மறக்கிறது, கதைச்ச பிள்ளை கதை மறக்கிறது. மற்றப் பக்கம் ஆரிட்டப் போறது: முதல்ல உங்கட பகுதி மிட்வைஃப் அக்கா, இல்லாட்டி எம்ஓஎச் ஒஃபிஸ், ஃபோனில வீடியோ எடுத்துக்கொண்டு. டொக்டர் சொன்ன மாதிரி நோயின்ர பேர் ஒண்டும் இல்லை. அம்மம்மாவுக்கு ஃபோனில வாசிச்சன், "கதை மறக்கிறது எண்டா, கதைக்கிறது மறக்கிறதோ, கதைப் புத்தகம் மறக்கிறதோ" எண்டு கேட்டா, அதைக் "கதைக்கிறதை விடுறது" எண்டு மாத்தியாச்சு.

நோயாளி கதை போடுறது எண்டு ஒரு ஃபோல்டரே வைச்சிருந்தனாங்கள், ரெண்டு குடும்பத்திட்டக் கேட்டும் வைச்சிருந்தது. அதை அழிச்சிட்டம். வருத்தத்தின்ர பேரே ஆளைக் காட்டிக் குடுத்திடும் எண்டது எங்களுக்கு ஒருத்தருக்கும் தோணேல்லை எண்டதை நினைக்க வெக்கமாக் கிடக்கு, நோயாளியின்ர ரகசியத்தைப் பற்றி எக்ஸாமில பக்கம் பக்கமா எழுதின ஆக்கள் நாங்கள்.

வாத்தியார் சேர், உங்களுக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடங்களில அந்த 20 நிமிசம் எடுத்துத் தர ஏலுமோ? ரீச்சர், எழும்புற வீடியோவுக்கு எங்கட பட்ச் பொடியன் ஒருத்தன் பாயில கிடந்து நடிச்சுப் பழகிறான், எட்டுத் தரம் எடுத்தும் சரி வரேல்லை, நல்ல தசை இருக்கிறவன் அப்பிடி எழும்புறது லேசில்லை. அம்மா, உங்களிட்ட ஒண்டு கேக்கலாமோ தெரியேல்லை. அந்த ரெண்டு கொப்பிப் பக்கமும். பேர், பள்ளிக்கூடம், திகதி ஒண்டும் இல்லாமல், நாங்கள் ஆரும் வேற ஆளைக் கொண்டு அதே மாதிரி எழுதுவிச்சுத்தான் போடுவம். ஒருக்காப் பாத்தாக் காணும். விருப்பமில்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ, ஒண்டும் நினைக்க மாட்டம்.

ரெண்டு_பிள்ளை_அம்மா:

மகனிட்டக் கேட்டன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்திட்டு, ஒம்பதாம் ஆண்டுக் கொப்பியில கணக்குப் பக்கத்தைக் குடுங்கோ, தமிழ்ப் பக்கம் வேண்டாம், அதில வாத்தியார் சிவப்பால எழுதினது கிடக்கு எண்டான். ஃபோட்டோ அனுப்ப மாட்டன், நீங்கள் வந்து பாருங்கோ. தனிமடலில இடம் சொல்லுறன். புதன்கிழமை அவனுக்குக் கிளினிக், மற்ற எந்த நாளும் பின்னேரம் வரலாம்.

இன்னொண்டு, உங்கட தாளில இடம் இருந்தா செப்புப் போத்தலைப் பற்றி ஒரு வரி போடுங்கோ. செப்புப் பாத்திரத்தில தண்ணி வைச்சுக் குடிச்சா எல்லா வருத்தமும் போகும் எண்டு வாட்ஸ்அப்பில ஓடுது, போன வருசம் கனடாவில இருந்து வந்த மச்சாள் பிள்ளையளுக்கு எண்டு ஆசையா ரெண்டு போத்தில் வாங்கிக்கொண்டு வந்தா. வேண்டாம் எண்டா ஏன் எண்டு சொல்ல வேணும், வாங்கி மேல்தட்டில வைச்சிட்டன். கூழுக்கும் அப்பிடித்தான், நண்டிலயும் கணவாயிலயும் செப்புக் கூட எண்டபடியால் அதுகளைப் போட முதல் ரெண்டு கோப்பை எடுத்து வைச்சிடுவன், ஆரும் கேட்டா பிள்ளையளுக்கு மச்சம் ஒத்துக்கொள்ளாது எண்டுவன்.

நீங்கள் எத்தினை பேர் வருவியள்? ரெண்டு பேருக்கு மேல வராதேங்கோ, அயலட்டை பாக்கும்.